வைக்கோல் கொடுத்த சித்தப்பாலேர்ந்து பீரிசர் கொடுத்த அண்ணாச்சி வரைக்கும்

போன வாரம் என் ஆராய்ச்சிக்கான வைவா (வாய்மொழித் தேர்வு) முடிஞ்சுது. தீசிஸ்ல நன்றிக்கு ஒரே பக்கம்தான், கைடு, துறைத்தலைவர், முதல்வர்னு வரிசையா போட்டதும் இடம் தீந்துபோச்சு, அதனால மத்தவங்களுக்கு இங்க எழுதுறேன்.

மொதல்ல நீடாமங்கலம் சித்தப்பா. வைக்கோல்லேர்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஷீட் எடுக்கப்போறேன்னு சொன்னப்ப சிரிக்காத ஒரே ஆளு, அப்ப மாடு என்னத்தடா திங்கும்னு மட்டும் கேட்டாரு. மெஷின் அறுத்த வைக்கோல் நசுங்கி சேறா வருதுன்னு பொலம்பினேன், அந்த சம்பாவுல ஆள் கிடைக்காம அவரும் சித்தியுமே எறங்கி எனக்காக ஒரு மூலைய கையால அறுத்து, அடிச்சு, காய வச்சு கொடுத்தாங்க.

அம்மாவுக்கு நன்றியோட மன்னிப்பும். வைக்கோல பொடி பண்ண வீட்டு மிக்ஸியத்தான் எடுத்தேன். நெல்லு மண்ணுலேர்ந்து சிலிக்காவ (மணல்ல இருக்குமே, அந்த கடினமான பொருள்) உறிஞ்சி வச்சுக்கும், வயல்ல எறங்குனா தோகை கையக் கீறுதே அதுக்கும் அதான் காரணம், பிளேடு மழுங்கி மூணு மாசம் வீட்ல சட்னி கொரகொரன்னுதான்.

அதே சிலிக்கா லேப்லயும் விடல. வைக்கோல காஸ்டிக் சோடால வேகவச்சா லிக்னினோட (நார ஒட்டி வச்சிருக்கிற பசை மாதிரி பொருள்) அதுவும் கரைஞ்சு கருப்பு தண்ணில போயிடும், அதுல ஆசிட் விட்டா ரெண்டும் சேந்து கொழகொழன்னு ஆகி ஃபில்டர் பேப்பர அடைச்சுக்கும். "வடிகட்டாதீங்க தம்பி, ராத்திரி அப்படியே தெளிய விட்டு மேல உள்ளத ஊத்துங்க"ன்னு சொன்னது எங்க லேப் அண்ணன்தான், எந்த பேப்பர்லயும் நான் படிச்சதில்ல.

அடுத்து பஸ் ஸ்டாண்ட் ஐஸ்கிரீம் கடை அண்ணாச்சி. அதெல்லாம் போனப்புறம் மிஞ்சுற நார்ப்பொருள்தான் செல்லுலோஸ், ஷீட் ஆக்கணும்னா அத கரைக்கணும். ஆனா அது தண்ணில கரையாது, சூடு பண்ணா உருகறதுக்கு முன்னாடி கருகிடும். 7 சதவீதம் காஸ்டிக் சோடா, 12 சதவீதம் யூரியா (ஆமா, வயலுக்கு போடுற அதே யூரியாதான்) கலந்த தண்ணிய மைனஸ் 12 டிகிரிக்கு குளிர வச்சு அதுல போட்டு வேகமா கலக்குனாதான் சில நிமிஷத்துல கரையும். எங்க பீரிசர் ஐப்பசி மழைல புட்டுக்கிச்சு. மழைன்னு காலியா கிடந்த தன்னோட பீரிசர அண்ணாச்சி அப்படியே வண்டில ஏத்தி விட்டாரு, வாடகை கேக்கல.

மொதல் ஷீட்ட அவர்கிட்டதான் காட்டுனேன். வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டு "நனைஞ்சா என்னாகும்?"னாரு. ஊதிக்கும் அண்ணாச்சி, அதான் இப்ப தலைவலி.

சித்தப்பா, லேப்ல இன்னும் ரெண்டு சாக்கு வைக்கோல் மிச்சம் இருக்கு. ஞாயித்துக்கிழமை மாட்டுக்கு எடுத்துட்டு வரேன்.