பவளக்கல் சுவருக்கு சிமெண்ட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தான்சானியாவின் சான்சிபார் தீவில் உள்ள கல் நகரத்தைப் (Stone Town) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், வெயிலுக்குப் பயந்தே அறைகளை ஒடுக்கமாகக் கட்டினார்கள் என்றிருந்தது. காரணம் வெயிலல்ல, மரம். மாடித் தளத்தைத் தாங்குபவை கண்டல் மரக் கழிகள். அங்கே ‘போரிட்டி’ என்பார்கள். கழி தாங்கும் நீளம்தான் அறையின் அகலம், சுமார் 3 மீட்டர். நீளவாக்கில் எவ்வளவும் போகலாம்.

கழிகளுக்கு மேல் பவளக்கல் (கடல் பவளப்பாறைக் கல்) துண்டுகளைப் பரப்பி, பவளச் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்திருப்பார்கள். கனமான தளம். சுவரோ அரை மீட்டர் தடிமன். பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும்.

இதன்மேல் சிமெண்ட் பூசுவதுதான் பெருங்கேடு. ஈரம் உள்ளேயே தங்கும். கல்லில் இருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, கல்லின் மேற்புறத்தையும் பிய்த்துக்கொண்டு பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் போன இடம்தான்.

அதைவிட ஆபத்து, சுவருக்குள் புதைந்த கழி நுனி. நடுக்கழி உறுதியாகத் தெரியும். சுவரை ஒட்டி ஆணியால் குத்தினால் ‘பொதுக்’கென்று இறங்கும். எதிரெதிர்ச் சுவர்களைப் பிணைத்திருப்பவையும் இதே கழிகள். நுனி உளுத்தால் தளம் இறங்குவதோடு சுவரும் வெளியே தள்ளும். கழிகளை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடுவதும் தீர்வாகாது. அதற்காகச் சுவரில் வெட்டும் பள்ளமே சுவரைத் தளர்த்திவிடும்.

இந்நகரில் 1883-இல் கட்டிய பெய்த் அல்-அஜாயிப் (‘அதிசய இல்லம்’) மாளிகையின் ஒரு பகுதி 2020 டிசம்பர் 25 அன்று, சீரமைப்பு நடக்கும்போதே சரிந்து இருவர் இறந்தார்கள். அது உலகச் செய்தியானது. சந்துக்குள் ஒரு வீட்டின் தளம் இறங்கினால் யார் எழுதுகிறார்கள்? 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் அந்தச் சின்ன வீடுகளால்தான் ஆனது.

பழுது பார்ப்பவர்கள் முதலில் கூரை ஒழுக்கையும் மழைநீர்க் குழாயையும் சரிசெய்ய வேண்டும். பிறகு சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தியெடுத்து, சுவரை வாரக்கணக்கில் காயவிட வேண்டும். புதுப் பூச்சுக்கு, நன்றாக நீர்த்துப் புளித்த சுண்ணாம்பு 1 பங்குக்கு, கழுவிய மணல் 3 பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். சில நாள் ஈரச்சாக்கு போர்த்துங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் பெயிண்ட் அல்ல. அதுவும் ஈரத்தை அடைக்கும்.

இப்படிக்கு,
மரபுக் கட்டடப் பணியில் உள்ள ஒரு வாசகர்