புக்கிட் சண்டு மேட்டில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறார். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் அப்பா காணாமல் போனதும், நாம் தேடியதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அப்பாவின் படத்தைப் பகிர்ந்தவர்கள், எங்கள் புளோக்கில் மாடி மாடியாக ஏறித் தேடிய பிள்ளைகள், தூங்காமல் போன் எடுத்த காவல்துறை அதிகாரி, அப்பா எந்த நிறுத்தத்தில் இறங்கினார் என்று ஞாபகம் வைத்துச் சொன்ன பஸ் ஓட்டுநர், கோயிலில் எங்களுக்காக வேண்டிக்கொண்ட அத்தைமார்கள், எல்லோருக்கும் கோடி நன்றி.

இனி அந்த மலாய் அண்ணனைப் பற்றி.

அப்பா பிறந்தது சிங்கப்பூரில், இந்த மேடு இருக்கும் பாசிர் பாஞ்சாங் பக்கம். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஜப்பான்காரன் வந்தபோது அப்பா கைக்குழந்தை. பாட்டி சொல்லிச் சொல்லி ஊறிப்போன பயம், நினைவு தப்ப ஆரம்பித்ததும் மேலே வந்துவிட்டது. புக்கிட் சண்டுவில் அந்தப் பழைய பங்களா அருகே பெஞ்சில் அவரைப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "ஜெப்புன் சுடா பெர்கி?" ஜப்பான்காரன் போய்விட்டானா என்று மலாயில். பக்கத்தில் இருந்தவர், ஏதோ முதல் தடவை கேட்பதைப் போல, "சுடா, பாங். லாமா சுடா" என்றார். போய்விட்டார்கள் அண்ணே, போய் ரொம்ப நாளாச்சு. நாங்கள் மேடேறி வருவதற்குள் அப்பா மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில், அதே குரல். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி, ஊதி ஆற்றி, அப்பாவின் இரண்டு கைகளிலும் பிடித்துக் கொடுத்தார்.

அப்பா எழுந்து எழுந்து போகப் பார்த்தாராம். அவரை உட்கார வைக்க அண்ணன் அந்த மேட்டின் கதையையே சொல்லியிருக்கிறார். 1942 பிப்ரவரி 14. பிரிட்டிஷ் பக்கம் நின்ற மலாய்ப் படையான மலாய் ரெஜிமென்ட்டின் 'சி' கம்பெனி அங்கே நிலை கொண்டிருந்தது. தலைப்பாகை கட்டி, பஞ்சாப் படை வீரர்கள் மாதிரி வேடம் போட்டுக்கொண்டு ஜப்பானியர் சாலையில் அணிவகுத்து வந்தார்கள். பிரிட்டிஷ் படையில் மும்மூன்று பேராகத்தான் நடப்பார்கள். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக வந்தார்கள். அந்தக் கம்பெனியின் லெப்டினன்ட் அட்னான் சைடியின் ஆட்கள் அதைக் கவனித்துவிட்டார்கள், சுட்டு விரட்டினார்கள். அப்பா வாலிபத்தில் மக்கள் தற்காப்புப் படையில் தொண்டூழியராக இருந்தவர். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று விரலை நீட்டி "தீகா! தீகா!" என்றாராம். எங்களுக்கே அவர் அப்படி நிமிர்ந்து பார்த்து நாளாகிவிட்டது.

அண்ணன் கதையை அங்கேயே நிறுத்திக்கொண்டார். மீதி எனக்குத் தெரியும், பள்ளியில் படித்ததுதான். எதிரிகள் பெரும்படையாகத் திரும்பி வந்தார்கள். பின்னால் வாய்க்காலில் எண்ணெய் பற்றி எரிந்ததால் பின்வாங்க வழியில்லை. குண்டுகள் தீர்ந்து, கத்தியும் கையுமாகச் சண்டை. அட்னானைப் பிடித்து எப்படிக் கொன்றார்கள் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மலாய்க்காரர்கள் சிப்பாய்களாகத் தேறுவார்களா என்று பார்க்க, 1933இல் போர்ட் டிக்சனில் வெறும் 25 பேரை வைத்துச் சோதனையாகத் தொடங்கிய படை அது. அடுத்த நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. இவர்கள் அந்த மேட்டை விட்டு இறங்கவே இல்லை.

அண்ணனின் பாட்டிக்குக் கூடப்பிறந்தவர் அந்தச் சண்டையில் போனவராம். கிராஞ்சி போர் நினைவிடத்துச் சுவரில் பெயர் இருக்கிறது என்று, நாங்கள் கிளம்பும் நேரத்தில், நான் கேட்டதற்காகச் சொன்னார். தன் வீட்டுச் சாவு நடந்த கதையில், பயந்துபோன ஒரு தமிழ்க் கிழவருக்குத் தைரியம் தரும் பாகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்பா இன்று காலையும் அதையே கேட்டார். "போயிட்டாங்கப்பா, போய் ரொம்ப நாளாச்சு" என்றேன். அவர் எத்தனை தடவை கேட்டாலும் இந்த வீட்டில் இனி அதுதான் பதில், அதே குரலில்தான். வருகிற பிப்ரவரி 14 அன்று அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போவோம். கிராஞ்சிக்கும் போய் அந்தச் சுவருக்குப் பூ வைப்போம்.

பெயரைக் கேட்டதற்கு அண்ணன் சிரித்துவிட்டு நடந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர், நீலச் சட்டை, பச்சை பிளாஸ்க், இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடப்பார். தெரிந்தவர்கள் இருந்தால் இதை மலாயில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். குடும்பத்தோடு ஒரு வேளை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சாப்பாடு ஹலால் கடையிலிருந்தே வரும், தயங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.