கருமந்திக்குப் பழத்தட்டு வேண்டாம்: உயிரியல் பூங்கா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பூங்கா நிர்வாகிகளுக்கும் அங்குள்ள கால்நடை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கருமந்தியோ சாம்பல் மந்தியோ இருந்தால் அதன் தீவனப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வாழைப்பழம், கேரட், ரொட்டி என்றே போகிறதா? இவை இலை தின்னிகள். வயிறு பல அறைகளாக இருக்கும், முன் அறையில் பாக்டீரியாக்கள் இலை நாரை நொதிக்கவைத்துத் தரும் கொழுப்பமிலங்கள்தான் இவற்றுக்குச் சோறு, அப்புறம் அந்த பாக்டீரியாக்களையே மாட்டைப் போலச் செரித்துக்கொள்ளும். அதற்கு உதவும் லைசோசைம் நொதி மாட்டிலும் மந்தியிலும் தனித்தனியாக ஒரே விதமாக மாறியிருப்பதை 1987-லேயே காட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட வயிற்றில் இனிப்புப் பழத்தைக் கொட்டினால் அமிலம் ஏறாமல் என்ன செய்யும்?

வியட்நாமின் சோன் ட்ரா காட்டில் வாழும் செங்கால் டூக் மந்திகள் என்னும் இலை தின்னிகளின் சாணத்தையும் பூங்காக்களில் அடைபட்டவற்றின் சாணத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வந்தது. எந்த நாட்டுப் பூங்காவாக இருந்தாலும் காட்டு நுண்ணுயிர்கள் பெருமளவு தொலைந்து, பிரிவோடெல்லா, பாக்டீராய்டீஸ் என்ற பாக்டீரியாக்கள் ஆட்சிக்கு வந்திருந்தன. இன்றைய மனிதக் குடலில் கோலோச்சுபவையும் இவைதான்! மீட்பு மையத்தில் பலவகைத் தழை தின்று வளர்ந்தவை காட்டு மந்திக்கும் பூங்கா மந்திக்கும் நடுவில் நின்றன. அமெரிக்கக் கண்டத்து ஊளைக் குரங்கிலும் இதே கதை.

'பிறகு தழை கொடுத்தால் சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். மனிதக் குடல் நுண்ணுயிர்களை ஏற்றிய எலிகளுக்கு நார் குறைந்த உணவை நான்கு தலைமுறை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொலைந்த இனங்கள் பல, நாரைத் திருப்பிக் கொடுத்தும் வரவில்லை. கூண்டிலேயே குட்டி போட்டுக் குட்டி போட்டு வளரும் மந்திகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா வயிற்றிலுள்ள சில பாக்டீரியா வம்சங்கள் சுமார் 1.5 கோடி ஆண்டுகளாக நம்மோடு சேர்ந்தே கிளை பிரிந்து வந்தவை, மந்தியின் வயிற்றிலும் இருக்கக்கூடிய அப்படிப்பட்ட பழைய சொத்தை ஒரு தீவன டெண்டர் அழித்துவிடக் கூடாது.

தினமும் தழை வெட்ட ஆள் வேண்டும், வண்டி வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் சிரமம், தெரியும். ஆனாலும் பல மரங்களின் இலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள், பழத்தைக் குறையுங்கள். ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், வயிறு பழக வேண்டும். ஆன்டிபயாடிக்கை அவசியமானால் மட்டும் கொடுங்கள், காட்டில் விடப்போகும் மந்திக்கு இரத்தப் பரிசோதனையோடு சாணத்தின் நுண்ணுயிர்ப் பரிசோதனையும் செய்யுங்கள். இந்த மாதம் எந்தெந்த மரத்துத் தழை கொடுத்தீர்கள் என்று கூண்டுக்கு வெளியே ஒரு பலகையிலும் எழுதிவையுங்கள், டிக்கெட் எடுத்து வரும் நாங்களும் படித்துக்கொள்கிறோம்.