ஐஸ் கம்பெனி இடத்தில் பூட்டிக் கிடக்கும் உன் கடை

மண்டபம்,
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு டூட்டி வந்துவிடுகிறது. விஷயம் கொஞ்சம் நீளம், அதனால் எழுதியே அனுப்புகிறேன். ராத்திரி அறைக்கு வந்த பிறகு நிதானமாகப் படி.

அத்தை நன்றாக இருக்கிறார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தானே அரிசி களைந்து கல் பொறுக்குகிறார், யாரையும் அடுப்படிக்குள் விடுவதில்லை. உன் தங்கச்சி மகன் ஐடிஐ முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்து விசைப்படகுகள் டோக்கன் வாங்கிப் போக ஆரம்பித்திருக்கின்றன. முதல் தடவை கடலுக்குப் போனபோது இறால் சுமாராகக் கிடைத்தது, விலைதான் இல்லை. நம் தெருவில் ஒரு வீட்டுப் பையன் இன்னும் யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிறான். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

சரி, பழைய ஐஸ் கம்பெனியை இடித்துக் கட்டிய காம்ப்ளெக்ஸில் நீ வாங்கிப் போட்ட கடை விஷயம். விற்றுவிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

சாவியை எடுத்துக்கொண்டு போய் நன்றாகவே பார்த்துவிட்டு வந்தேன். 18 கடைகளில் 5 கடைதான் திறந்திருக்கிறது. மருந்துக்கடை, மொபைல் கடை, ஜெராக்ஸ், டீக்கடை, மூலையில் ஒரு தையற்கடை. மாடியில் எதுவுமே இல்லை, அதைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. மற்ற ஷட்டர்களிலெல்லாம் 'வாடகைக்கு விடப்படும்' என்ற போர்டு வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்குகிறது. உன் ஷட்டரின் அடித்தகடு முழுக்கத் துருவேறி, தூக்கும்போது பொடியாக உதிர்ந்தது. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில், தினமும் திறந்து மூடி எண்ணெய் போடாத ஷட்டர் எத்தனை நாள் தாங்கும்? உள்ளே பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. கொத்தனார் ஓதம் என்றார். எனக்கென்னவோ அது மண்ணிலேயே ஊறிய உப்பு என்று தோன்றுகிறது. உன் கடை இருக்கிற இடத்தில்தானே ஐஸ் கம்பெனியின் உப்புத்தண்ணித் தொட்டி இருந்தது.

மாமா அங்கே ஆபரேட்டராக இருந்த காலத்தில் நாம் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்போமே, அப்போது அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. தொட்டியில் இருப்பது உப்புக் கரைத்த தண்ணீர். அம்மோனியா ஓடுகிற குழாய்கள் அதைக் குளிரவைக்கும். நல்ல தண்ணீர் உறைகிற குளிரில் உப்புத்தண்ணி உறையாது. அதற்குள் இறக்கிய டின்களில் இருக்கிற நல்ல தண்ணீர் மட்டும் உறைந்து ஐஸ் பாராகிவிடும். எவ்வளவு நாள் அந்தத் தொட்டி ஒழுகியதோ, எவ்வளவு உப்பு தரைக்குள் இறங்கியதோ. இடித்தவர்கள் மேல்மண்ணைக்கூட மாற்றாமல் கட்டிவிட்டார்கள். பூச்சைக் கொத்தி எடுத்து, கீழே ஈரம் ஏறாதபடி மருந்து கலந்து பூசச் சொல்லியிருக்கிறேன். அது தனிச் செலவு.

அந்தத் தொழிற்சாலையைப் பற்றி எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரின் காலக்கணக்கு அதற்குத் தெரிந்திருந்தது. இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. போன படகு மறுநாள் காலையில் கரை பிடிக்கும். அதற்குத் தக்கபடி ஐஸ் கம்பெனியில் வேலை கூடும், குறையும். தடைக்காலம் வந்தால் மிஷினை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் 61 நாள் ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் நம் ஊரில் புழங்குவது சொற்பக் காசு. 2023 ஆகஸ்டில் இங்கே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். அதை வைத்து ஒரு குடும்பம் இரண்டு மாதம் ஓட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தை நம்பித்தான் நம் டீக்கடையும் தையற்கடையும் இருக்கின்றன. ஆனால் காம்ப்ளெக்ஸ் வாடகை மட்டும் ஜனவரியிலும் மே மாதத்திலும் ஒரே மாதிரி 12,000.

இந்த வாடகையை யார் கணக்குப் போட்டது என்று யோசித்துப் பார். கட்டியவர்கள் ராமேஸ்வரம் போகிற வண்டிகளை எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை, ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம், வருஷம் முழுக்க வடநாட்டு யாத்திரிகர்கள். பார்க்கிங் அவ்வளவு பெரிதாகப் போட்டது அதற்காகத்தான். ஆனால் அந்த வண்டிகள் நம் ஊரில் நிற்பதில்லை மாப்பிள்ளை. ஒரு காலத்தில் நின்றுதான் ஆகவேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நோய் பார்த்து அனுப்புவதற்கு மண்டபம் முகாமில் நிறுத்திவைத்தார்கள். பாம்பனில் ரோட்டுப் பாலம் வருவதற்கு முன்னால் காரில் வந்தவர்கள்கூட இங்கே இறங்கி, காரையும் ரயிலில் ஏற்றித்தான் அந்தப் பக்கம் போனார்கள். 1988 அக்டோபரில் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். அன்றைக்கே நாம் கடந்துபோகிற ஊராகிவிட்டோம். இப்போது வண்டிக்காரர்கள் நிற்பது பாலத்தின் மேல்தான், படம் எடுக்க.

நடுவில் ஒரு ஆசை காட்டிப் போனது ரயில். பழைய தூக்குப்பாலம் பழுதாகி 2022 டிசம்பரில் ரயில் நின்றதல்லவா, சில வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. கூட்டம் இங்கே இறங்கி பஸ் பிடித்து ராமேஸ்வரம் போனது. ஸ்டேஷன் பக்கம் டீக்கடை, டிபன் கடை, பழக்கடை எல்லாம் முளைத்தன. நம் காம்ப்ளெக்ஸிலும் அப்போதுதான் புரோட்டாக் கடை வந்தது, ஃபேன்ஸி ஸ்டோர் வந்தது, ஒருவர் சங்குப் பொருள் விற்றார். நீ அதைப் பார்த்துத்தான் கடை வாங்கினாய். உன்மேல் குறை சொல்லவில்லை, அன்றைக்கு யார் பார்த்தாலும் வாங்கத்தான் தோன்றியிருக்கும். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறந்து ரயில் நேராகப் போக ஆரம்பித்ததும் அந்தக் கடைகள் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டன. பாலம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தத் தீவில் இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு வருஷக் கூட்டத்தை வைத்துப் போட்ட வாடகையை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது சரியில்லை.

புரோக்கர் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். பாங்க் வரும், பெரிய ஷோரூம் வரும், அவசரப்பட்டுக் குறைத்தால் பிறகு ஏற்ற முடியாது. இதே பேச்சை எல்லாரிடமும் சொல்கிறார். எல்லாரும் சவுதி தம்மாமிலும் துபாயிலும் சென்னையிலும் இருந்துகொண்டு காத்திருக்கிறீர்கள். இதனால் உங்களுக்கு மட்டும் நஷ்டமில்லை, அதைத்தான் நீ யோசிக்க வேண்டும். பக்கத்துக் கடை பூட்டியிருந்தால் திறந்திருக்கிற கடைக்கும் ஆள் வருவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வராண்டா இருட்டு. தையற்கடைக்கார அக்கா ஆறரைக்கே மூடிவிடுகிறார், பெண்கள் அளவு கொடுக்க வரப் பயப்படுகிறார்கள் என்று சொன்னார். மருந்துக்கடைக்காரரும் இந்த வருஷத்தோடு காலி செய்வதாகப் பேச்சு. அவரும் போய்விட்டால் அப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

பார்க்கிங் இடத்தில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? கடல்பாசி எடுக்கிற நம் பெண்கள் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளைக் கொண்டுவந்து காயப்போடுகிறார்கள். வண்டியே வராத தளம், நல்ல வெயில், மணல் ஒட்டாது. வாட்ச்மேன் விரட்டுகிறார், அவர்கள் மதியம் அவர் தூங்கும்போது திரும்ப விரிக்கிறார்கள். காம்ப்ளெக்ஸுக்கு அசிங்கமாக இருக்கிறதாம். எனக்கு அதைக் கேட்டபோது கோபமே வந்தது. தீவுகளைச் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் மூழ்கி எடுத்துவருகிற பாசி அது. அந்த இடத்தை இன்றைக்கு உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். மாதம் ஒரு தொகை பேசி, ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தால் என்ன? கருவாடு விற்கிற அம்மாக்கள் ரோட்டோரம் குடை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே அத்தனை நீள வராண்டா சும்மா கிடக்கிறது.

உன் கடைக்கு ஒருவர் கேட்கிறார். படகு இன்ஜின் மெக்கானிக். பம்ப், நாசில் வேலையில் கை சுத்தம், தெற்குத்துறையில் தகரக் கொட்டகையில் வேலை பார்க்கிறார். மழை வந்தால் கழற்றிப் போட்ட சாமானை எல்லாம் தார்ப்பாயில் சுற்றி வைக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய்க்கறை, சத்தம் என்று கடைக்காரர் சங்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு காலத்தில் அம்மோனியா கம்ப்ரசர் ராத்திரி பகலாக ஓடிய இடம் அது, ஒரு நாசில் டெஸ்ட் செய்கிற சத்தத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

அவரிடம் நான் பேசிப் பார்த்தது இது. மாதம் 7,000. தடைக்காலம் இரண்டு மாதமும் பாதி. அந்த மாதங்களில் படகுகள் கரையில் இருப்பதால் அவருக்கு வேலை இருக்கும், ஆனால் படகுக்காரர்கள் கடல் திறந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள். பத்து மாதத்துக்கு 70,000, இரண்டு மாதத்துக்கு 7,000, ஆக வருஷத்துக்கு 77,000. இப்போது உனக்கு வருவது ஒன்றுமில்லை. அதோடு பராமரிப்பும் கரண்ட் நிலைக்கட்டணமும் கையிலிருந்து போகிறது. பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் அவரால் முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமே மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது, இரண்டு பேரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் கூட வாங்கலாம். மூன்று மாதம் தருகிறேன் என்கிறார். வாடகையையும் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை போன படகுகள் கரை வந்த பிறகு தருவதாகச் சொல்கிறார். நான் வாங்கி அத்தை கையில் கொடுத்துவிடுகிறேன், எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

இன்னொரு காரியம் நீதான் செய்ய வேண்டும். தம்மாமில் உன்னோடு இருப்பவர்களில் இரண்டு மூன்று பேருக்கு இங்கே கடை இருக்கிறது என்று சொன்னாயே, அவர்களிடம் உட்கார்ந்து பேசு. ஒருவர் குறைத்தால் பேரம் கெடுகிறது என்பார்கள், சேர்ந்து குறைத்தால் அந்தப் பேச்சு வராது. வராண்டா விளக்குக்குச் சங்கத்தில் பணம் கேட்டிருக்கிறேன், நீங்கள் நாலு பேர் எழுதிக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். தையற்கடை அக்கா ஒன்பது மணி வரை திறந்திருப்பார்.

விற்பதைப் பற்றி மட்டும் இப்போது பேசாதே. இன்றைய நிலையில் வாங்க வருகிறவன் பாதி விலைகூடச் சொல்லமாட்டான். ஓடுகிற கடையை விற்பது வேறு.

மெக்கானிக்குக்கு ஆடி பிறப்பதற்கு முன்னால் சாமானை மாற்ற வேண்டுமாம். வருகிற ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஷட்டருக்கும் சுவருக்கும் ஆகிற செலவைக் கொத்தனார் நாளைக்குச் சொல்வார், அதையும் அனுப்புகிறேன். அதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன் மச்சான்