ஃபில்டரில் செதில் கண்டால் கெட்டி ஆயில் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் காரின் ஆயில் ஃபில்டரில் உலோகச் செதில் தெரிந்தால், இன்ஜினை ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டு (கழுவும் திரவம் ஊற்றி ஓட்டி வடித்துவிட்டு), ஒரு படி கெட்டியான ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில் வெளியான ஆலோசனையைப் படித்துக் கவலைப்பட்டோம். அதை நம்பி நடப்பவருக்கு, பேரிங் ஷெல் (சுழலும் தண்டைத் தாங்கும் அரைவட்டத் தகடு) மாற்றினால் தீர்ந்திருக்கும் பழுது, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டையே தூக்கிப் போடும் பழுதாக முற்றிவிடும். இன்ஜின் பிரித்துக் கட்டும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஜர்னலும் பேரிங் ஷெல்லும் ஓட்டத்தில் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலம்தான் சுமையைத் தாங்குகிறது. ஜர்னல் விட்டம் 50 மி.மீ. என்றால் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. ஃப்ளஷ் திரவம் ஆயிலை நீர்க்கச் செய்யும். ஏற்கெனவே தேய்ந்த பேரிங், படலம் மெலிந்த அந்தச் சில நிமிடங்களில் உலோகத்தோடு உலோகமாக உரசும். ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் படிந்துகிடந்த செதிலும் கிளம்பிப் பம்ப்புக்குள் போகும்.

கெட்டி ஆயிலின் குறை வேறு. ஃபில்டர் வழியில் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ அது திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். பேரிங் ஆயிலே இல்லாமல் காய்வதைவிட அழுக்கு ஆயில் பரவாயில்லை என்ற கணக்கு அது. செதில் சுற்றும் இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால், ஒவ்வொரு குளிர் ஸ்டார்ட்டிலும் அந்த வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். தேய்ந்த பேரிங் தட்டும் நாக்கிங் சத்தம் சற்று அடங்கும், பிரஷர் முள் சற்று ஏறும். தேய்மானம் மட்டும் நிற்காது.

முதலில் செய்ய வேண்டியது, வந்திருப்பது என்ன உலோகம் என்று கண்டுபிடிப்பது. தகர உறை ஃபில்டரை அதற்கென்று உள்ள கட்டரால் திறக்க வேண்டும். ஹாக்சாவால் அறுத்தால் அந்த இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். காகித மடிப்பை இரு முனையிலும் கத்தியால் வெட்டி எடுத்து, சுத்தமான துணிக்குள் வைத்து வைஸில் இறுக்கினால் ஆயில் வடிந்துவிடும். பிறகு வெயிலில் விரித்துப் பார்க்கலாம். ஆயில் வெளியிலிருந்து உள்நோக்கிப் பாய்வதால் குப்பை மடிப்பின் வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும். நடுக்குழாயின் உட்புறத்திலும் மினுமினுத்தால் பைபாஸ் திறந்திருக்கிறது, செதில் பேரிங் வரை போயிருக்கிறது என்று பொருள்.

காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மடிப்பின் மேல் ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்பு: கேம், டைமிங் செயின், ஆயில் பம்ப் அல்லது குண்டு பேரிங்கிலிருந்து வந்தது. ஒட்டாமல் செம்பு நிறத்தில் இருந்தால் அது ஷெல்லின் நடு அடுக்காகவோ, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல்முனையில் உள்ள புஷ்ஷாகவோ (வளையம்) இருக்கும். பல ஷெல்களில் எஃகு முதுகு, அதன் மேல் செம்புக் கலவை, அதற்கும் மேல் ஈயம் அல்லது வெள்ளீயம் கலந்த மெல்லிய பூச்சு என்ற வரிசை உண்டு. செம்பு வெளிவருகிறதென்றால் மேல்பூச்சு போயே போய்விட்டது. ஒட்டாத வெள்ளைச் செதிலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதைக் கழுவி நன்றாக உலர்த்தி, சூடான சால்டரிங் அயர்னால் தொட்டுப் பாருங்கள். உருகினால் ஈயமோ வெள்ளீயமோ, அதாவது பேரிங் பூச்சு. உருகாவிட்டால் அலுமினியம். அது பிஸ்டனாகவும் இருக்கலாம், அலுமினிய வகை ஷெல்லாகவும் இருக்கலாம்.

சம்ப் டிரெய்ன் பிளக்கின் காந்தம் சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவது பெரிய தவறு. பேரிங்கின் தேயும் அடுக்குகள் எதுவும் காந்தத்தில் ஒட்டாதவை. கனமான செதில்கள் சம்ப்பின் அடியிலேயே தங்குவதும் உண்டு. ஆகவே, கடைசியாக வடியும் ஆயிலை மெல்லிய துணியில் வடிகட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லா மினுமினுப்பும் ஆபத்தல்ல. புதிய இன்ஜினின் முதல் ஆயில் மாற்றத்தில் ஜிகினாத் தூள் போன்ற மிக நுண்ணிய பளபளப்பு இயல்பு. நகத்தில் தட்டுப்படும் தட்டையான செதில் எந்த வயது இன்ஜினிலும் இயல்பல்ல.

மாடலின் வரலாறும் கைகொடுக்கும். போர்ஷே 996, முதல் தலைமுறை பாக்ஸ்டர் கார்களில் இடைத்தண்டின் (கிராங்கின் சுழற்சியைக் கேமுக்குக் கடத்தும் தண்டு) குண்டு பேரிங் பேர்போன பலவீனம். அங்கே காந்தத்தில் ஒட்டும் எஃகுத் துணுக்கு வந்தால் சந்தேகம் நேரே அதன் மேல்தான் போக வேண்டும். பிஎம்டபிள்யூ எம்3-யின் 4 லிட்டர் வி8 இன்ஜினில் கனெக்டிங் ராடின் கிராங்க் முனையில் உள்ள ராட் பேரிங்தான் கவலை. அதன் ஷெல் முதலில் ஈயம்-செம்பு வகையாக இருந்து, பின்னாளில் ஈயமில்லாத வகைக்கு மாறியது. பின்னாள் காரின் ஆயிலை ஆய்வகத்தில் பார்க்கும் பரிசோதனையில் ஈயம் இல்லை என்று வந்தால் பேரிங் நலம் என்று முடிவுகட்ட முடியாது.

அந்தப் பரிசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் சில மைக்ரான் அளவுள்ள துகள்தான் கணக்கில் வரும். கண்ணுக்குத் தெரியும் செதில் வராது. மெல்லத் தேயும் பேரிங்கை அது முன்கூட்டியே காட்டும். உரிந்து விழும் பேரிங்கைத் தவறவிடலாம். ஃபில்டரில் செதிலும் கையில் நல்ல அறிக்கையும் இருந்தால், ஃபில்டரைத்தான் நம்ப வேண்டும்.

பேரிங் உலோகம் என்று உறுதியானால் சம்ப்பைக் கழற்றி, ராட் கேப்களை (ராடின் கீழ்முனையைக் கிராங்கோடு மூடும் பாதி) ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே வழி. கேப்பை ராட் மாற்றியோ திசை மாற்றியோ போடக்கூடாது. ஒரே துண்டாகச் செய்து, பிறகு கேப்பை உடைத்துப் பிரித்த வகை ராடுகளில் அது அந்த ராடையே கெடுக்கும். ஜர்னலில் நகத்தை ஓட்டும்போது கோடு தட்டுப்படாமல், மைக்ரோமீட்டர் அளவும் சரியாக இருந்தால் புது ஷெல் போதும். தட்டுப்பட்டால் கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் ஆயிலின்றி உலர்ந்திருக்க வேண்டும், உட்புறத்தில் அசெம்பிளி லூப் (பொருத்தும்போது தடவும் மசகு) தடவ வேண்டும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளியை அளக்காமல் மூடாதீர்கள். கோணக் கணக்கில் இறுக்கும் ராட் போல்ட் ஒருமுறை நீண்டுவிடுவது, அதற்கும் புதியதே வேண்டும். ஆயில் கூலரைக் கழுவிப் பயன்படுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அதன் நுண்குழாய்களில் சிக்கிய செதில் பிறகு கிளம்பிப் புது பேரிங்கைத் தின்னும். மாற்றிவிடுவதே நல்லது.

காரணத்தையும் தேட வேண்டும். வேகமான நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்ப்புக்கு ஆயில் எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சியதா, ஆயிலில் பெட்ரோல் கலந்ததா, டியூனிங் செய்த மேப்பில் (இன்ஜின் கணினியின் எரிபொருள், பற்றவைப்பு அளவுகள்) டெட்டனேஷன் (சிலிண்டருக்குள் கட்டுப்பாடற்ற வெடிப்பு) இருந்ததா, ஆயில் சூடேறும் முன்பே உயர் ஆர்.பி.எம். வரை விரட்டினார்களா? கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயிலின் சூடு வெகுநேரம் பின்தங்கியே இருக்கும் என்பது பல ஓட்டுநர்களுக்குத் தெரிவதில்லை.

ஃபில்டரில் பேரிங் செதில் கண்டவர், சம்ப்பைத் திறந்து பார்க்கும்வரை இன்ஜினை மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பட்டறைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போகாமல் டிரக்கில் ஏற்றியே அனுப்ப வேண்டும். இந்தத் திருத்தத்தை அதே கேள்வி-பதில் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்ஜின் சீரமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்