ராணி போன பிறகு என்ன ஆடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செஸ் செய்தி வரும்போதெல்லாம் யார் ஜெயித்தார், எத்தனை நகர்த்தல் என்பதோடு முடிந்துவிடுகிறது. கறுப்புக் காயில் ஆடியவர் ஏன் அந்தத் தற்காப்பை எடுத்தார் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பயிற்சி வகுப்பில், கறுப்புக் காயில் ஆடுபவர் எடுக்கும் தொடக்க முறைகளில் ஒன்றான பெர்லின் தற்காப்பின் முதல் எட்டு நகர்த்தலை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு போட்டியில் எட்டும் சரியாக வந்தது, இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டன, இவளுடைய ராஜா காஸ்லிங் செய்ய, அதாவது யானையோடு இடம் மாறி ஓரத்தில் பாதுகாப்பாக ஒதுங்க, வழியில்லாமல் நடுவில் நின்றது. அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. காய்களை மாற்றிக்கொண்டே போனால் டிரா ஆகிவிடும் என்று நினைத்து ஒவ்வொன்றாக வெட்டக் கொடுத்து, கடைசியில் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சித் தோற்றாள்.

அந்த நிலையில் கறுப்பு செய்யவே கூடாதது அதுதான்! பலகையில் ராஜா தொடங்கும் பாதியில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. ராணி தொடங்கும் பாதியில் கறுப்புக்கு நான்கு இருந்தாலும் அதில் இரண்டு ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் சாதாரணமாக அங்கே கடைசிக் கட்டம் வரை தடையில்லாமல் ஓடி ராணியாகும் சிப்பாயை உருவாக்க முடியாது. காய்கள் எல்லாம் போய்விட்டால் பெரும்பாலும் வெள்ளைதான் ஜெயிக்கும். அதற்கு ஈடாகக் கறுப்பு வைத்திருப்பது இரண்டு பிஷப்புகள். வெள்ளையிடம் ஒன்றுதான், அதுவும் கறுப்புக் கட்டத்தில் ஓடுவது. அதோடு வெள்ளையின் நடுச் சிப்பாய் முன்னே போய்விட்டதால் அதன் பக்கத்திலுள்ள வெள்ளைக் கட்டங்கள் கறுப்பின் குதிரைக்கும் பிஷப்புக்கும் நல்ல இடம். ராணி இல்லாததால் நடுவில் நிற்கும் ராஜாவுக்கு ஆபத்தும் குறைவு, மெதுவாக ஒதுங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் சொல்லாமல் எட்டு நகர்த்தலை மட்டும் கொடுத்து என்ன பயன்?

2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக், அப்போதைய சாம்பியன் காஸ்பரோவை எதிர்த்து நான்கு ஆட்டங்களில் இதைத்தான் ஆடினார், நான்கும் டிரா. ராணியோடு பாய்ந்து தாக்குவதில் காஸ்பரோவுக்கு நிகர் யாரும் இல்லை, அந்த ராணியையே எட்டாவது நகர்த்தலில் எடுத்துவிட்டார்கள். அந்தத் தொடரில் காஸ்பரோவ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, 1985 முதல் வைத்திருந்த பட்டமும் போனது. சென்னையில் 2013-இல் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சனும் இதே தற்காப்பை எடுத்தார், பிறகு எட்டாவது ஆட்டத்தில் ஆனந்தே கறுப்பில் அதை ஆடினார். டிராவுக்காக ஆடுகிறார்கள் என்று அப்போது எங்கள் தெருவில் பலர் சலித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் இந்தக் கணக்கை யாராவது எளிய தமிழில் எழுதியிருந்தால் அவர்களும் ரசித்துப் பார்த்திருப்பார்கள்.

இப்போது வீட்டில் ராணிகளை எடுத்துவிட்டு அந்த ஒன்பதாவது நகர்த்தலிலிருந்தே பலகையை அடுக்கி ஆடுகிறோம். நான் வெள்ளை, அவள் கறுப்பு. பிஷப்பை விட்டுக்கொடுக்க இப்போது அவள் லேசில் சம்மதிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி