கல்லணைப் பங்கீட்டுக் கணினி மாதிரியில் கடைமடையையும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: காவிரி, வெண்ணாறு கடைமடைப் பாசனதாரர்கள்

பெறுநர்: உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள், நீர்வளத் துறை, திருச்சிராப்பள்ளி மண்டலம்

பொருள்: மேட்டூர் நீர்திறப்பு, கல்லணைப் பங்கீட்டுக்குக் கணினி மாதிரி அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றுக்கும் எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முடிவெடுக்கக் கணினி மாதிரி அமைக்கும்போது, கணக்கு கல்லணையோடு நிற்காமல் கடைமடை வரை, அதாவது வாய்க்காலின் கடைசி மதகு வரை போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மாதக் கணக்கு கடைமடைப் பற்றாக்குறையை மறைத்துவிடும். ஒரு லட்சம் ஏக்கரில் சேற்றுழவுக்கு 200 மி.மீ. தண்ணீர் என்றால் 2.86 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). 30 நாளுக்குப் பரப்பினால் விநாடிக்கு 1,100 கன அடி போதும் என்று வரும். உழவு பத்து நாளில் நெருக்கினால் 3,300 கன அடி வேண்டும். வழி இழப்பு இதில் சேரவில்லை. ஆகவே கணக்கு நாள்வாரியாக ஓட வேண்டும்.

மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாளாகும். ஐப்பசியில் மழை பிடித்த அன்றே அணையை மூடினாலும், 10,000 கன அடி திறப்பில் 2.6 டிஎம்சி வழியில் இருக்கும். மழை முன்னறிவிப்பு மாதிரிக்குள் வராவிட்டால் அந்தத் தண்ணீர் கொள்ளிடம் வழியே கடலுக்குத்தான் போகும்.

நீர்மட்டத்தை மட்டும் படித்து ஓட்டத்தைக் கணித்தால் கடைமடையில் தப்பாகும். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் மட்டம் உயர்ந்திருக்கும், தண்ணீர் ஓடாது. முகத்துவாரம் அருகே கடல் ஏற்றமும் மட்டத்தைத் தூக்கும். தண்ணீர் விடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு தடவையாவது நீரோட்டமானி வைத்து நேரில் அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் அட்டவணையைத் திருத்த வேண்டும். இழப்பையும் ஒரே சதவீதமாகப் போட வேண்டாம்: மணல் படுகை வேறு, களிமண் வாய்க்கால் வேறு. அதிலும் காய்ந்து கிடந்த படுகை முதல் சில நாள் மிக அதிகம் குடிக்கும்.

மேட்டூரின் 93.47 டிஎம்சி, 1934இல் கட்டி முடித்த அணைக்கு உரிய எண். வண்டல் கழித்த கொள்ளளவையே மாதிரிக்குக் கொடுக்க வேண்டும்.

எந்த ஆண்டுகளை வைத்து மாதிரியைச் சரிசெய்தார்களோ அவற்றைக் கொண்டே சோதித்தால் அது எப்போதும் சரியாகத்தான் தெரியும். 2016 வறட்சியையும் 2018 வெள்ளத்தையும் சோதனைக்கென்று தனியே ஒதுக்கிவைக்க வேண்டுகிறோம்.

ஜூன் 12 திறப்புக்கு முன்பாக, ஏப்ரலிலேயே மதகுவாரி எண்களைத் தமிழில் பாசனதாரர் கூட்டத்தில் வைத்து, பிழை சொல்ல இரண்டு வாரம் அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடைப் பாசனதாரர்கள்